பவுலிங்கை யார் பார்த்தார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்கத் தொடர்களில் யாராவது ஒருவர் சோபாவில் சாய்ந்தபடி டிவியில் பவுலிங் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிண்டலுக்காக வைத்த காட்சியா, இல்லை நிஜமாகவே ஜனங்கள் பார்த்தார்களா? பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைத் தள்ளுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நிஜமாகவே பார்த்தார்கள். 1962இலிருந்து 1997 வரை ஏபிசி தொலைக்காட்சியின் சனிக்கிழமை மதியங்களில் பவுலிங்குக்கு நிரந்தர இடம் இருந்தது. வர்ணனை கிறிஸ் ஷெங்கல். அலட்டிக்கொள்ளாத குரல்.

அன்றைய டிவிக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆட்டம் அது. கேமராக்கள் கனமானவை, திரை சின்னது. கால்பந்து மைதானத்தில் யார் யாரென்றே தெரியாது. பவுலிங்கிலோ ஓர் ஆள், ஒரு பந்து, அறுபது அடி தூரத்தில் பத்துக் கட்டைகள். மழை வெயில் தொல்லையும் கிடையாது. ஐம்பதுகளில் கட்டைகளை அடுக்கும் இயந்திரம் பரவியதும் ஊருக்கு ஊர் பவுலிங் கூடங்கள் முளைத்தன. 1958இல் ஏக்ரன் நகர வழக்கறிஞர் எடி இலியாஸ் 33 ஆட்டக்காரர்களைச் சேர்த்து பிபிஏ என்ற தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கினார். ஏபிசியிடம் ஆட்டத்தைக் கொண்டுபோனவரும் அவர்தான்.

டிவிக்காக இறுதிச் சுற்றையே ஏணி மாதிரி மாற்றினார்கள். ஐந்து பேர். ஐந்தாமவரும் நான்காமவரும் மோத, ஜெயித்தவர் மூன்றாமவரோடு, அப்புறம் இரண்டாமவரோடு. நாள்கணக்கில் ஆடி முதலிடம் பிடித்தவர் அதுவரை உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு ஆட்டம், அதில் சறுக்கினால் பட்டம் போச்சு. அநியாயமான ஏற்பாடுதான். ஆனால் பார்க்கிறவனை நாற்காலி நுனிக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட 'என்ன இருக்கிறது' என்பதற்குப் பதில், திரையில் தெரியாத எண்ணெய். தளத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து அதில் வழுக்கிப்போய், காய்ந்த இடம் வந்ததும் பிடித்துக்கொண்டு வளையும். ஒவ்வொரு பந்தும் எண்ணெயை இழுத்துக்கொண்டு போவதால் அரை மணி நேரத்துக்கு முன் சரியாக விழுந்த பந்து இப்போது தப்பும். தளத்தில் நீளவாக்கில் பதித்த பலகைகளில் ஆட்டக்காரர் இரண்டு பலகை தள்ளி நிற்பது இதனால்தான். பல வருடங்கள் இதை வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட முடியவில்லை. பிற்பாடு எண்ணெயில் நீலச் சாயம் கலந்து காட்டினார்கள். இதை எழுபதுகளிலேயே செய்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

ஏபிசி கைவிட்டதற்குக் காரணம், பார்வையாளர்களுக்கு வயதாகிவிட்டது, விளம்பரதாரர்களுக்கு இளசுகள் வேண்டியிருந்தது. கேபிளில் வேறு எத்தனையோ சேனல்கள். 2000இல் முன்னாள் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் சிலர் பிபிஏவையே விலைக்கு வாங்கி உயிர் கொடுத்தார்கள். 2010இல் கெல்லி குலிக் என்ற பெண் ஆண்களோடு ஆடி சாம்பியன்களின் போட்டியை வென்றது அதற்குப் பிறகுதான். இறுதியில் 265க்கு 195.

ஒன்று மட்டும் பார்ப்பதானால் 1980இல் மார்க் ராத் செய்ததைத் தேடிப் பாருங்கள். கடைசி வரிசையின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு கட்டை, நடுவே மூன்றடி. ஒரே பந்தில் இரண்டையும் சாய்த்தார். டிவியில் அதுவே முதல் முறை. அடுத்தவர் அதைச் செய்யப் பதினோரு வருடம் ஆயிற்று.

அன்புடன்.