வயது ஏறும்போது புதிதாகத் தொடங்குதல்: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் புதிய திறன்களைக் கற்பதற்கு உதவும் ஒரு சிறு குழுவைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றையொன்று ஒத்திருந்தவற்றைச் சேர்த்து, என் அனுபவமும் வாசிப்பும் அனுமதிக்கும் அளவில் கீழே பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது. வயலின் கற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று என் மனமே என்னைக் கேட்கிறது. புதிதாக அறிமுகமாகும் ஒருவரின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். அந்தப் பழமொழி பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை. அதை நம் ஆசைகளை மூட்டை கட்டி வைப்பதற்கான சாக்காக மாற்றிக்கொண்டது நாம்தான்.

நினைவைப் பற்றிய உங்கள் அச்சத்தில் பாதி உண்மை உண்டு. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவாற்றலை இரண்டு வகையாகப் பிரித்தார். முன்பின் கண்டிராத சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறன் ஒன்று. சொல்வளம், அனுபவம், தொழில்நுணுக்கம் எனச் சேர்ந்துகொண்டே வரும் திறன் மற்றொன்று. முதலாவது இளமையிலேயே மெல்லக் குறையத் தொடங்குகிறது. இரண்டாவதோ அறுபதுகளிலும் பெரும்பாலும் தளராமல் நிற்கிறது. எனவே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒரு வாரத்தில் பழகும் விரலசைவுக்கு உங்களுக்கு ஒரு மாதம் ஆகலாம். ஆனால் எங்கே சுருதி விலகியது என்பதைக் கேட்டு உணரவும், விலகிய இடத்தை மட்டும் தனியே எடுத்துத் திருத்தவும் வேண்டிய பொறுமை அந்தச் சிறுமியைவிட உங்களிடம் அதிகம் இருக்கும்.

டெனிஸ் பார்க் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 60 முதல் 90 வயது வரையிலானவர்களில் சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலையையும், சிலர் துணிகளை இணைத்துத் தைக்கும் கலையையும் மூன்று மாதங்கள், வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் கற்றார்கள். வேறு சிலர் ஒன்றுகூடிப் பேசி, விளையாடிப் பொழுதைக் கழித்தார்கள். நினைவாற்றல் மேம்பட்டது கடினமான புதிய திறனைக் கற்றவர்களிடம்தான். அதிலும் புகைப்படக் கலை பயின்றவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. பழகிய வேலையை இனிமையாகச் செய்துகொண்டிருப்பது மனத்துக்கு நல்லதுதான் என்றாலும், திணறவைக்கும் வேலைக்கு அது ஈடாகாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

நடைமுறையில் இரண்டு செய்திகள். ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளாமல், நாள்தோறும் இருபது நிமிடம் பயிலுங்கள்; இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே நன்றாகப் பதிகிறது என்பதை நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் எர்மன் எபிங்காஸ் 1885இலேயே எழுதிவிட்டார். இரண்டாவதாக, செவித்திறனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெயர் மறக்கிறது என்று எங்கள் குழுவில் வருந்திய பலருக்கு, உண்மையில் அந்தப் பெயர் முதலிலேயே சரியாகக் காதில் விழுந்திருக்கவில்லை. ஆனால் மறதி அன்றாட வேலைகளையே குலைக்கும் அளவுக்கு இருந்தால், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 66 வயதுப் பெண் நான். மலைப்பாதையில் நடக்கும் குழு ஒன்றில் சேர விரும்புகிறேன். விழுந்துவிடுவேனோ என்ற பயம் தடுக்கிறது.

அம்மா, விழுவதற்கு அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்தால் கால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் விழும் வாய்ப்பு கூடுகிறது. பயம் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் வழி இது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று எண்ணி, இந்த இரண்டாவது பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வசித்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. மிகத் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்கியதால்தான் விழுக்காடு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கணக்கு அறிந்தவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். எனினும் குதிகாலும் விரல்நுனியும் தொட்டுக்கொள்ள ஒரே நேர்கோட்டில் நடக்கும் வேகம் அவர்களுக்கு ஏறத்தாழ பாதியளவு கூடியது என்பது எந்தக் கணக்கிலும் சிறிய செய்தி அன்று.

இதய நோயோ தலைசுற்றலோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் போனாலும் குறைவில்லை.

கேள்வி: நான் கணினி வரைகலை கற்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்கிறார்கள்.

சிரிப்பவர்களுக்கு விளக்கம் சொல்லிக் களைத்துப்போக வேண்டாம். முதல் ஆறு மாதம் அவர்களிடம் எதையும் காட்டவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் கேள்வி உங்கள் குரலிலேயே உங்களுக்குள் ஒலிக்கத் தொடங்கினால் மட்டும் கவனமாக இருங்கள். பெக்கா லெவி என்ற உளவியலாளரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரியவந்தது. இத்தகைய ஆய்வுகளில் காரணத்தையும் விளைவையும் முற்றாகப் பிரித்துவிட முடியாதுதான். ஆனாலும் ஏளனத்தை உள்ளே குடியேற்றாமல் இருப்பதற்கு அது போதுமான காரணம்.

கேள்வி: இளையவர்களை ஊக்குவிக்க முயல்கிறேன். ஆனால் நான் வாய் திறந்தாலே "அறிவுரை ஆரம்பித்துவிட்டது" என்று நழுவிவிடுகிறார்கள். என் பிழை என்ன?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழையை நான் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

வகுப்பில் தயங்கி நிற்கும் மாணவனிடம் "இது மிகவும் எளிதான கணக்கு, நீ போடலாம்" என்பேன். ஊக்கம் தருவதாகவே நம்பினேன். அறுபத்தொன்றாம் வயதில் நீச்சல் கற்கத் தொடங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பயிற்சியாளர் அதே சொல்லை என்னிடம் சொன்னார்: "எளிதுதான், விடுங்கள்." அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. எளிது என்று சொல்லப்பட்டதைச் செய்து முடித்தால் அதில் பெருமை இல்லை. செய்ய முடியாமல் போனால் அவமானம் இரட்டிப்பாகிறது. "இது கடினம்தான், எனக்கும் வெகுநாள் ஆயிற்று" என்று சொல்லியிருந்தால், நானும் கம்பியை விட்டிருப்பேன், என் மாணவர்களும் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்திருப்பார்கள்.

புகழ்ச்சியும் இதைப் போன்றதே. உளவியலாளர் கரோல் டுவெக் தம் சக ஆய்வாளருடன் 1998இல் வெளியிட்ட சோதனைகளில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள், தோல்வியைச் சந்தித்த பின் விரைவில் மனம் தளர்ந்தார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் கடினமான கணக்குகளைத் தேடிப்போனார்கள். பொதுவாகப் புகழாமல், கண்டதைச் சொல்லுங்கள். "அருமை" என்பதைவிட, "போன முறை நடுவில் நிறுத்திவிட்டாய், இந்த முறை இறுதிவரை சொன்னாய்" என்பது மேலானது. அதைச் சொல்வதற்கு நீங்கள் போன முறையும் கவனித்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கவனிப்புதான் அவர்களைத் தொடுகிறது.

அறிவுரை, ஏறி முடித்தவர் மேலே நின்றுகொண்டு சொல்வது. அதனால்தான் ஊக்குவிக்க விரும்பும் பெரியவர் ஏதேனும் ஒன்றில் தொடக்க நிலையில் இருப்பது நல்லது என்று நான் வற்புறுத்துகிறேன். இன்று காலை எதில் தடுமாறினீர்கள் என்பதை அந்த இளையவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் நழுவ மாட்டார். ஒருவேளை உங்களுக்கே யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார், அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: கணவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எதைச் சொன்னாலும் "எனக்கு எதற்கு" என்கிறார். நாள் முழுதும் நாற்காலிதான்.

தூக்கம், பசி, பிடித்தவற்றில் ஈடுபாடு ஆகியவையும் குறைந்திருந்தால் அது சோம்பல் ஆகாது; மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

அது இல்லையென்றால், "உங்களுக்கு நல்லது" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "உங்களால் இந்த வேலை ஆக வேண்டியிருக்கிறது" என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதியவர்கள் தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்று, வாரம் 15 மணி நேரம் வரை குழந்தைகளுக்கு வாசிக்க உதவும் திட்டம் ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. தம் உடல்நலத்துக்காக வீட்டைவிட்டு வெளியே வராதவர்களும், ஒரு குழந்தை காத்திருக்கிறது என்றால் வருவார்கள் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. உங்கள் கணவர் பணிக்காலத்தில் எதில் கைதேர்ந்தவரோ, அதில் சிக்கித் தவிக்கும் ஒருவரை அவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: ஓவியம், ஒரு புதிய மொழி, சதுரங்கம் என மூன்றைத் தொடங்கி மூன்றையும் விட்டுவிட்டேன். எனக்கு மனவுறுதி இல்லையோ?

மூன்றையும் எந்த வாரத்தில் விட்டீர்கள் என்று நினைவுகூருங்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோர் இரண்டாம் மாதத்தில் விடுகிறார்கள். தொடக்கத்தின் புதுமை தீர்ந்து, திறமை இன்னும் கைகூடாத காலம் அது. அந்த மாதத்தைத் தனியாகக் கடப்பது கடினம். ஆகவே மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, உடன் பயில ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள். உண்மையாகவே பிடிக்காததை விடுவதில் தவறு ஏதும் இல்லை.

கேள்வி: எனக்கு 29 வயது. அம்மாவுக்குத் திறன்பேசியைக் கற்றுத் தருகிறேன். ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்கும்போது பொறுமை போய்விடுகிறது.

திறன்பேசியை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்கள் வாங்கிச் செய்து காட்டும்போது பழகுவது உங்கள் விரல்தான். அவரே தொடட்டும், அவரே தம் சொற்களில் படிகளை ஒரு நோட்டில் எழுதட்டும். நான்காம் முறை கேட்பவர் இன்னும் கைவிடவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 71 வயதான எனக்கு, 97 வயதில் சாதித்தவர்களின் கதைகள் ஊக்கத்தைவிடச் சோர்வையே தருகின்றன. எல்லை என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது, ஐயா. மூட்டு தேய்கிறது, கண் மங்குகிறது, உடன் இருந்தவர்கள் மறைகிறார்கள். "வயது வெறும் எண்தான்" என்ற வாசகத்தை நான் ஏற்பதில்லை.

97 என்று நீங்கள் குறிப்பது 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப் அவர்களை என்று கருதுகிறேன். லித்தியம் மின்கலத்துக்கான முக்கியமான கண்டுபிடிப்பை அவர் 1980இல், ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஏற்கெனவே தேர்ந்த இயற்பியலாளராக இருந்தபோது செய்தார். அவரோடு நம்மை ஒப்பிடுவது பொருந்தாது. எனக்கு நெருக்கமானவர் கென்யாவின் கிமானி மருகே. 2004இல், 84ஆம் வயதில், தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பில் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளோடு போய் உட்கார்ந்தார். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எழுதப் படிக்கத்தான் விரும்பினார். எல்லைக்குள் நின்று தொடங்குவது எப்படி என்பதை அவரிடம் கற்கலாம்.

கேள்வி: தாங்கள் நீச்சலை முழுதாகக் கற்றுவிட்டீர்களா? தங்களை ஊக்குவிப்பவர் யார்?

முழுதாக இல்லை. குளத்தின் அகலத்தை நிற்காமல் கடப்பேன். நீளத்தைக் கடக்கும்போது பாதியில் மூச்சு வாங்கும். பக்கத்துத் தடத்தில் பயிலும் ஒன்பது வயதுச் சிறுவன், தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டான். போன வாரம் அதைச் சரியாகச் செய்தபோது, "இன்றைக்குக் குமிழி வந்தது, தாத்தா" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை; அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே நான் குளத்துக்குப் போய்விட்டேன்.