கசடு போட்ட வயலுக்கு நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றலாமா?

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைத்த காய்ந்த கழிவுநீர்க் கசடை இரண்டு வருடமாக எருவாகப் போட்டேன். அதில் அழியாத ரசாயனம் இருக்கும் என்கிறார்கள். நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் ஒரே மாதத்தில் மண் சுத்தமாகும் என்கிறார் உரக்கடைக்காரர். ஏக்கருக்கு எத்தனை லிட்டர்? அந்த வயல் புல்லைத்தான் கறவை மாடுகளும் தின்கின்றன. கோழிகளும் அங்கேதான் மேய்கின்றன. பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு லிட்டரும் வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனக் கூட்டம். அதிலுள்ள கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு கரிம வேதியியலிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று. ஒரே மாதத்தில் வயலில் அதை அறுக்கும் கரைசல் கிடையாது. கடைக்காரரை அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பேச்சை மாற்றிவிடுவார். கரித்தூள் சில வகைகளைப் பிடித்து வைக்கும், அழிக்காது.

நீங்கள் மாட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து கொழுப்பில் சேரும். பிஎஃப்ஏஎஸ் அப்படியல்ல, ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு பாலுக்கும் முட்டைக்கும் போகும். பயிரில் தானியத்தைவிட இலை, தண்டில்தான் அதிகம் ஏறும். அதனால் அந்தப் புல்லை இன்றே நிறுத்துங்கள். கோழி மண்ணையும் சேர்த்துக் கொத்தும், அடைத்து வையுங்கள். அப்புறம் கிணற்று நீரையும் மண்ணையும் இதற்கென்றே கேட்டுப் பரிசோதியுங்கள்; தழை, மணி, சாம்பல் சத்து பார்க்கும் வழக்கமான சோதனையில் இது தெரியாது. நல்ல தீவனமும் நல்ல தண்ணீரும் கொடுத்தால் மாட்டின் உடலில் மாதக்கணக்கில் மெல்லக் குறையும்.

'இலவச எரு' என்ற பேச்சே எனக்கு ஆகாது. முலாம் பட்டறையும் துணி ஆலையும் சாக்கடையில் விட்டதைச் சுத்திகரிப்பு நிலையம் அழிப்பதில்லை. ஒரு பங்கு கசடில்தான் தங்குகிறது. அதை வண்டியேற்றி உங்கள் வயலில் கொட்டினால் ஆலைக்காரருக்குச் செலவு மிச்சம். அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுக்க நாடுகள் 2001-ல் கையெழுத்திட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இந்தக் கூட்டத்தின் பிஎஃப்ஓஎஸ் 2009-லும் பிஎஃப்ஓஏ 2019-லும்தான் சேர்ந்தன. கூட்டத்திலோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன! ஒன்றைத் தடுப்பதற்குள் அதன் பங்காளி சந்தைக்கு வந்துவிடுகிறது. ஆலை வாசலிலேயே மொத்தமாக மறிக்காத சட்டம் விவசாயிக்கு உதவாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் கசடை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. நிலம் கெட்ட பிறகுதான், ஆனாலும் சரியான முடிவு.

மீதிக் குவியல் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், மழைத்தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடக்கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.