எது எனக்கு முக்கியம்?

கேள்வி: காரைக்குடியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் எதற்காக ஓடுகிறேன் என்றே புரியவில்லை. கடைப் பெண்களுக்குச் சாயங்காலம் கணக்கு எழுதச் சொல்லித் தருவது மட்டும் அலுக்கவில்லை. எனக்கு எது முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. யாரும் கேட்காமல், காசு வராமல் எதைச் செய்கிறோமோ, அங்கேதான் தேட வேண்டும் என்பது என் கட்சி. பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ் என்று ஒன்று விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள்! அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான் சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம். அதற்காக அவர் துறவியாகிவிடவில்லை.

நீங்களும் கடையை மூட வேண்டாம். போன மாதக் கணக்கு நோட்டை எடுங்கள். மனம் நிறைந்து செலவழித்த நேரத்துக்கும் பணத்துக்கும் எதிரே ஒரு புள்ளி வையுங்கள். எதைக் கண்டால் கோபம் வருகிறது என்பதையும் எழுதுங்கள். அதுவும் நல்ல தடயம். அப்புறம், அந்தச் சாயங்கால வகுப்புக்குக் கிழமையும் நேரமும் குறித்துக் கடை வாசலில் ஒட்டிவிடுங்கள்.