ஆல்ட்டோக்காரனுக்கு ஓடுற ஆசை இருக்கக் கூடாதோ?

கியர் மாத்துவம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல முக்காவாசி சின்னக் கார் பத்தினதுதான். அதுவும் சரிதான், 2020 மார்ச்ல நிப்பாட்டின இறக்குமதி 2025 தொடக்கத்தில திரும்பத் திறந்தாலும் வரியையும் சேத்துப் பாத்தா புதுக் கார் விலை நெஞ்சைப் பிடிக்குது, அதால எல்லாரும் ஆல்ட்டோ, விட்ஸ், வேகன் ஆர், பழைய நிசான் மார்ச் எண்டுதான் நிக்கிறம். சரி, தொடங்குவம்.

அண்ணை, எனக்கு 27 வயசு. சின்னனில இருந்தே கார் விசர். கைக்குக் கிடைச்ச காசுக்கு ஒரு ஆல்ட்டோ 800 மெனுவல்தான் வாங்க முடிஞ்சுது. ஒபிஸ் பெடியள் சிவிக், லான்சர் எண்டு வச்சிருக்கிறாங்கள், என்ட காரைக் கண்டா ஒரே நக்கல். ஆனா எனக்கு இதை ஓடேக்க உண்மையாவே சந்தோசமா இருக்கு. நான் என்னையே ஏமாத்திறனோ?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

இல்லை தம்பி, ஏமாத்தேல்ல. உங்கட பெடியள் காரின்ட விலையைப் பாக்கிறாங்கள், நீங்கள் ஓடுறதைப் பாக்கிறீங்கள், ரெண்டும் வேற கணக்கு.

எங்கட நாட்டில ஊருக்குள்ள 50, ஊருக்கு வெளியில 70, எக்ஸ்பிரஸ்வேல 100, இதுதான் சட்டம். 150 குதிரைவலு இருக்கிற காரை இந்தக் கணக்குக்குள்ள ஓடினா அதின்ட எஞ்சின் பாதி நித்திரையில இருக்கும், செகண்ட் கியரை முழுசா இழுத்துப் பாக்கவே வழியில்லை, அதுக்குள்ள பொலிஸ்காரர் கையைக் காட்டிடுவார். உங்கட ஆல்ட்டோவில இருக்கிறது 800 சிசி, மூண்டு சிலிண்டர், 48 குதிரைவலு. செகண்டை 6000 ஆர்பிஎம் மட்டும் இழுத்துத் தேர்டுக்கு மாத்தினாலும் மீட்டர் 70 ஐத் தொடாது. அதாவது காருக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் எடுத்துப் பாவிச்சு, அந்த மூண்டு சிலிண்டர் சத்தத்தையும் கேட்டு, லைசனும் பொக்கெற்றிலயே இருக்கும். இந்த வசதி சிவிக் வச்சிருக்கிறவருக்கு இல்லை.

அடுத்தது பாரம். உங்கட கார் ஏறக்குறைய 700 கிலோ. இப்ப ரோட்டில திரியுற பெரிய எஸ்யூவி எல்லாம் 1500க்கு மேல. பாரம் குறைஞ்சா பிரேக்குக்கு வேலை குறைவு, வளைவில டயருக்கும் வேலை குறைவு, ஸ்டியரிங்கை லேசாத் திருப்பினாலே மூக்குத் திரும்பும். கார் அகலம் வேற 1.5 மீட்டர்தான், மலைநாட்டு ரோட்டில எதிரில பஸ் வந்தாலும் உங்கட லேனுக்குள்ளயே கொஞ்சம் இடம் மிஞ்சும், அந்த இடத்துக்குள்ள வளைவை எங்க தொடங்கி எங்க முடிக்கிறது எண்டு தெரிவு செய்யலாம், அகலக் கார்க்காரர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நேரப் போறது மட்டும்தான்.

இன்னொண்டு, இதைத்தான் நான் பெரிசா நினைக்கிறன். வலு குறைஞ்ச கார்ல ஒருக்கா வேகத்தை விட்டீங்களெண்டா திரும்ப எடுக்க நேரம் எடுக்கும். அதால சும்மா பிரேக்கில கால் வைக்க மனம் வராது, தூரத்தில நிக்கிற லொறியை முதலே கண்டு அக்சிலரேட்டரை விடுவீங்கள், வளைவுக்கு முதலே கியரை இறக்குவீங்கள், வெளியில வரேக்க எஞ்சின் சரியான இடத்தில நிக்கும். பெரிய கார்ல இந்தப் பிழையெல்லாம் காலை அமத்தினா மறைஞ்சு போகும். ஜப்பான்காரர் இதை எப்பவோ விளங்கிக்கொண்டவங்கள், அங்க கெய் கார் எண்ட சின்னக் கார் வகுப்பு எண்டா இப்ப 660 சிசி, 64 குதிரைவலு, நீளம் 3.4 மீட்டர், அதுக்கு மேல போகேலாது, அந்தக் கட்டு 550 சிசியா இருந்த 1987லயே சுசுகி ஆல்ட்டோ வேர்க்ஸ் எண்டு டேர்போ போட்ட ஒரு குட்டிப் பிசாசை இறக்கினது. உங்கட காருக்குச் சொந்தம்தான் அது, ஒபிஸ்ல சொல்லிப் பாருங்கோ.

ஞாயிற்றுக்கிழமை விடிய 5 மணிக்கு வெளிக்கிடுங்கோ. ஹைலெவல் ரோட்டு வேண்டாம், லோ லெவல் ரோட்டால கடுவலை, ஹங்வெல்லை, அவிசாவளை, அங்க இருந்து ஏ7ல கித்துல்கல தாண்டி கினிகத்தேன ஏத்தம். செகண்ட், தேர்ட், செகண்ட் எண்டு கை ஓயாது. தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வெயில் ஏற முதல் திரும்பி வாங்கோ.

எக்ஸ்ஹோஸ்ட் மாத்தி 15 இஞ்சி ரிம் போட்டா மாருதி 800க்கு பிக்கப் கூடுமோ? பஞ்சிகாவத்தையில நல்ல விலைக்கு இருக்கு.
(வாசகர், மருதானை)

சத்தம் கூடும், பிக்கப் கூடாது. 12 இஞ்சிச் சில்லைச் சுத்த எண்டு செஞ்ச எஞ்சினுக்கு 15 இஞ்சியைக் குடுத்தா பாரமும் கூடும் கியரும் நீளும், கார் முந்தியதை விட மெதுவாத்தான் இழுக்கும், பவர் ஸ்டியரிங் இல்லாட்டி கையும் உளையும். எக்ஸ்ஹோஸ்டுக்கு பொலிஸ் பிடிச்சா அது தனிச் செலவு. அதே பஞ்சிகாவத்தைக்குப் போய் லோவர் ஆர்ம் புஷ், முன் ஷொக் ரெண்டு, இஞ்சின் மவுண்ட் வாங்குங்கோ. மிச்சக் காசுக்கு நாலு புது டயர். வாங்கேக்க டயர் பக்கத்தில கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ, 3524 எண்டா 2024ம் ஆண்டு 35வது கிழமை செஞ்சது. கட்டை நல்லா இருக்கு எண்டு பத்து வருசப் பழைய ஜப்பான் டயரைத் தலையில கட்ட வருவாங்கள், மழைக்கு அது சறுக்கும்.

வணக்கம். நீங்கள் எப்பவும் மெனுவல், மலை எண்டுதான் எழுதுறீங்கள். என்னட்ட இருக்கிறது ஒட்டோ விட்ஸ், ஓடுறது பம்பலப்பிட்டியில இருந்து பிள்ளையின்ட ஸ்கூல், மார்க்கெட், வீடு. காலி வீதி டிராபிக்ல எனக்கெல்லாம் என்ன சந்தோசம் வரப் போகுது? ஆனா முந்தி எனக்கு கார் ஓடச் சரியான விருப்பம்.
(வாசகி, பம்பலப்பிட்டி)

நல்லாக் குடுத்தீங்கள் அக்கா, ஏற்றுக்கொள்ளுறன்.

முதல்ல சீட். கனபேர் ஒட்டோ கார்ல பின்னால சாஞ்சு ஒரு கையால ஸ்டியரிங் பிடிச்சுக்கொண்டு போவினம், அப்பிடி இருந்தா கார் என்ன சொல்லுது எண்டு முதுகுக்குத் தெரியாது. சீட்டை நிமித்தி, பிரேக்கை முழுசா அமத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருக்கிற அளவுக்கு முன்னால இழுங்கோ, தோள் சீட்டில முட்டியிருக்க மணிக்கட்டு ஸ்டியரிங்குக்கு மேல வரோணும். இதுக்குக் காசும் இல்லை, ஆனா அண்டைக்கே வேற கார் மாதிரி இருக்கும்.

பிறகு உங்கட சிவிடி கியர்பொக்ஸ், படி படியா கியர் மாறாத வகை. அதை திடீரெண்டு அமத்தினா எஞ்சின் கத்தும், கார் ஆறுதலாத்தான் வரும், எல்லாரும் அதைத்தான் ரப்பர் பாண்ட் எண்டு திட்டுறது. திட்டுறவைக்கு அதை ஓடத் தெரியாது, அவ்வளவுதான். காலை மெல்ல மெல்ல இறக்கி எஞ்சின் சத்தம் ஒரு இடத்தில நிக்கேக்க அதை அப்பிடியே பிடிச்சா சத்தம் ஏறாமலே வேகம் ஏறும். கியர் லீவரில டி எழுத்துக்குக் கீழ எஸ் எண்டு இருந்தா மரைன் டிரைவ்ல ஆள் குறைஞ்ச நேரத்தில ஒருக்கா போட்டுப் பாருங்கோ, காலுக்கு உடன பதில் சொல்லும். காலி வீதியில எண்டா என்ட விளையாட்டு ஒண்டு இருக்கு, வெள்ளவத்தையில இருந்து கொள்ளுப்பிட்டி மட்டும் பின் சீட்டில இருக்கிறவைக்கு பிரேக் பிடிச்சது தெரியாமப் போகோணும். நிக்கிறதுக்குக் கொஞ்சம் முதல் பிரேக்கை ஒரு மயிரளவு விட்டீங்களெண்டா தலை முன்னால ஆடாது. 100ம் நம்பர் பஸ் குறுக்க விழேக்க இது கஷ்டம்தான், அதாலதான் விளையாட்டு.

வேகன் ஆர்ல நுவரெலியா போகப் பாக்கிறம். நாங்கள் நாலு பேர், பெரியம்மாவும் வாறா எண்டு நிக்கிறா. போன முறை இறங்கேக்க பிரேக் மணத்தது, மனிசி பயந்திட்டா. பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறங்கினன், அது பிழையோ?
(வாசகர், வத்தளை)

பிழைதான் ஐயா, சரியான பிழை, அதைத்தான் முதல்ல சொல்லோணும். கார்புரேட்டர் காலத்துக் கதை அது. இப்ப இருக்கிற இஞ்செக்‌ஷன் எஞ்சின்ல கியர்ல வச்சுக்கொண்டு அக்சிலரேட்டரை விட்டா இஞ்செக்டர் பெற்றோலையே நிப்பாட்டிடும், சில்லுத்தான் எஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல விட்டா எஞ்சின் அணையாம இருக்க அது பெற்றோல் குடிச்சே ஆகோணும். ஆக நீங்கள் பெற்றோலும் செலவழிச்சு பிரேக்கையும் எரிச்சிருக்கிறீங்கள்.

அந்த மணம் பிரேக் பாட் சூடாகி வந்தது. அதை விடப் பயப்பட வேண்டியது பிரேக் ஒயில். அது காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், டொட் 3 ஒயில் புதுசா 205 பாகையிலதான் கொதிக்கும், ஈரம் ஏறிப் பழசானா 140 பாகைக்கே கொதிச்சு குமிழி கட்டும், குமிழி கட்டினா பெடல் கீழ மட்டும் போகும், கார் நிக்காது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும். கராஜ்ல பாஸ் "ஒயில் லெவல் இருக்குத்தானே" எண்டு சொல்லுவார், லெவல் இல்லை பிரச்சினை, வயசு. மாத்தச் சொல்லுங்கோ.

இறங்கேக்க லீவரை எல் எண்ட குறைஞ்ச கியருக்குப் போடுங்கோ, மெனுவல் எண்டா ஏறின கியர்லயே இறங்கினாக் காணும். ரம்பொடப் பக்கத்து வளைவுகள்ல பிரேக்கை நெடுக அமத்திக்கொண்டு இருக்காம, வளைவுக்கு முதல் ஒருக்கா வடிவா அமத்தி வேகத்தைக் குறைச்சிட்டு விட்டிடுங்கோ, டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். இப்பிடி இறங்கிப் பழகினா ஏத்தத்தை விட இறக்கம்தான் ருசி, எஞ்சின்ல வலு இருக்கோ இல்லையோ கீழ வாறவைக்கு ஒண்டுதான்.

ஏத்தத்தில கார் இழுக்கேல்ல எண்டு திட்டாதேங்கோ. 1000 மீட்டர் ஏற ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வலு போகும், காத்து ஐதாகிறதால. நுவரெலியா 1868 மீட்டர், அப்ப உங்கட 660 சிசி எஞ்சின்ட 52 குதிரையில ஒரு ஒன்பது குதிரை மேல போய்ச் சேரேக்க களைச்சுப் படுத்திடும். முந்தேக்க ஏசியை நிப்பாட்டுங்கோ, மேல எப்பிடியும் குளிர்தானே.

பெரியம்மா. அந்தக் கார் நாலு பேருக்கெண்டு செஞ்சது, பெல்ட்டும் நாலுதான். கோட்டையில இருந்து நானுஓயாவுக்கு ரெயின்ல ரிக்கெற் எடுத்துக் குடுங்கோ, துணைக்கு ஒரு பிள்ளையும் போகட்டும். அவ ஜன்னல் சீட்டில வடிவாப் பாத்துக்கொண்டு வருவா, உங்களுக்கும் நூறு கிலோ குறையும்.

அப்பாவின்ட பழைய மினி கார் ஒண்டு ஷெட்ல கிடக்கு. எல்லாரும் வில் எண்டுதான் சொல்லுகினம். அதில அப்பிடி என்ன இருக்கு?
(வாசகர், தெஹிவளை)

வித்துடாதேங்கோ! 1956ல சூயெஸ் பிரச்சினையில இங்கிலாந்தில பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கூப்பன் போட்டு அளந்து குடுத்த காலத்தில பிறந்த யோசனை அது. 2022ல கியூஆர் காட்டி கிழமைக்கு 20 லீட்டர் அடிச்ச எங்களுக்கு அந்தக் கஷ்டத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அலெக் இஸிகோனிஸ் எண்டவர் எஞ்சினைக் குறுக்க வச்சு, கியர்பொக்ஸை அதுக்குக் கீழ தள்ளி, 10 இஞ்சிச் சில்லை நாலு மூலைக்கும் இழுத்து விட்டார், 3 மீட்டருக்கு நாலு பேர் இருக்கிற கார் வந்தது 1959ல. மிச்சம் பிடிக்கத்தான் செஞ்சவை. ஆனா சில்லு மூலையில நிண்டு, பாரமும் இல்லாம, ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பரும் இருந்ததால அது தரையில ஒட்டின மாதிரித் திரும்பத் தொடங்கிட்டுது. 1964, 65, 67 எண்டு மூண்டு முறை மொண்டி கார்லோ ரலி வெண்டது, 66லயும் முதலாவதா வந்து முன் லைட்டில பிழை எண்டு வெளியில போட்டவை.

நுவரெலியாவில மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ல இருந்து நடக்கிறது, எங்கட ஓட்டப் போட்டிகள்ல மினிக்கெண்டே தனி வகுப்பும் இருக்கு. இண்டைக்கு ரோட்டில ஓடுற சின்னக் கார் முக்காவாசியிலயும் எஞ்சின் குறுக்கதான் இருக்கு, பொனெற்றைத் திறந்து பாருங்கோ. ஷெட்ல இருக்கிறதை ஸ்டார்ட் பண்ண முதல் தாங்கியில இருக்கிற பழைய பெற்றோலை வடிச்சு எடுங்கோ, பிரேக் சிலிண்டர் எல்லாத்தையும் கழட்டிப் பாருங்கோ, தரைத் தகட்டில கறள் எவ்வளவு எண்டு கீழ படுத்துப் பாருங்கோ. தகடு போயிருந்தா செலவு அங்கதான், எஞ்சின்ல இல்லை.

எனக்கு 46. ஒட்டோ மட்டும்தான் ஓடித் தெரியும். இப்ப ஆல்ட்டோ கே10 மெனுவல் ஒண்டு வருது, பழக ஏலுமோ?
(வாசகி, வெள்ளவத்தை)

தாராளமா ஏலும். லைசன் ஒட்டோவுக்கு மட்டும் எண்டா முதல்ல அதைச் சரிப்படுத்துங்கோ. கே10 பழக நல்ல கார், 1000 சிசி, பாரம் குறைவு, கிளட்ச் லேசு. முதல் நாள் சமதரையில அக்சிலரேட்டரைத் தொடாம கிளட்சை மட்டும் மெல்ல விட்டுக் காரை நகர்த்திப் பழகுங்கோ, பத்துத் தரம் நிண்டாலும் பரவாயில்லை. அது கைக்கு வந்தாப் பிறகு ஹாண்ட்பிரேக் போட்டு ஏத்தத்தில எடுக்கிறது. ரப்பர் செருப்போட மட்டும் ஏறாதேங்கோ, பெடலுக்கு அடியில கழண்டு மாட்டும், அடி மெல்லிய சப்பாத்து ஒண்டு காருக்குள்ளயே வச்சிருங்கோ.