ராசா வர முன்னம் கட்டியகாரன்

கேள்வி: ஒரு நிமிட டீசர். ஹீரோ நடந்து வந்து திரும்பிப் பார்க்கிறார், மேளம் அடிக்கிறது, திகதியைப் போட்டு முடித்துவிட்டார்கள். கதை மருந்துக்கும் இல்லை. என் மகன் இதை இருபது தரம் பார்த்துவிட்டு, வவுனியாவுக்குப் போய்த் தியேட்டரில்தான் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: முல்லைத்தீவுப் பக்கத்தில் இருக்கிறீர்கள், கூத்துப் பார்த்திருப்பீர்கள்தானே அக்கா. அரசர் வரவுக்கு முன்னம் கட்டியகாரன் வந்து, ராசா வாறார் என்று ஆடிப் பாடிக் கட்டியம் கூறுவான். ராசா இன்னும் சபைக்கு வரவேயில்லை, ஆனால் பாயில் சுருண்டு கிடந்த பிள்ளைகள்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். டீசர் அந்தக் கட்டியகாரன்தான், கதை சொல்வது அவன் வேலையில்லை. (கோவலன் கதை தெரியாதவர் உங்கள் பக்கம் யார்? தெரிந்துகொண்டேதானே விடிய விடிய இருக்கிறோம்.)

2016 மே 1இல் வந்த கபாலி டீசரை எடுங்கள். ஒரு நிமிடம் சொச்சம். கோட்டுப் போட்ட ரஜினி, மலேசியா, சந்தோஷ் நாராயணனின் இசை, அவ்வளவுதான். படத்துக்குள் போனால் அதில் நல்ல பங்கு, மனைவியைத் தேடி அலைகிற வயதான மனிதனின் கதை. அதைப் பற்றி டீசர் மூச்சே விடவில்லை, விட்டிருந்தால் பெடியள் அப்படித் துள்ளியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்புறம் சத்தம். மகனுடைய போனை வாங்கி, சத்தத்தை நிறுத்திவிட்டு அவன் பார்க்கிற டீசரை ஒருதரம் பாருங்கள். யாரோ நடக்கிறார், ஒரு கார் வெடிக்கிறது, உங்களுக்கு ஒன்றுமே ஆகாது. இசையை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தி, நாம் மூச்சைப் பிடித்திருக்கிற அந்த ஒரு நொடிக்குப் பிறகு ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள் பாருங்கள், பாதி வித்தை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ட்ரெயிலரில் பார்த்த காட்சி படத்தில் இல்லை. இது ஏமாற்று இல்லையா?
– வாசகர், மாங்குளம்

பதில்: பல நேரம் படத்தொகுப்பு முடியுமுன்னமே ட்ரெயிலரை வெட்டிவிடுகிறார்கள், பிறகு காட்சி கத்தரிக்குப் போய்விடும். டீசருக்கென்றே தனியாக எடுப்பதும் உண்டு. கமலின் விக்ரம் டீசர் 2020 நவம்பர் 7இல் வந்தபோது படப்பிடிப்பே தொடங்கவில்லை, படம் வந்தது 2022 ஜூனில். ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் இன்னும் கெட்டிக்காரர். 1960இல் தன் சைக்கோ படத்துக்கான ட்ரெயிலரில் ஆறு நிமிடத்துக்கு மேல் தானே வந்து வீட்டையும் விடுதியையும் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் குளியலறைத் திரையை விலக்குவார், ஒரு பெண் அலறுவாள். படத்தில் அங்கே குளிப்பவர் நடிகை ஜேனட் லீ, ட்ரெயிலரில் அலறுபவர் இன்னொரு நடிகை வேரா மைல்ஸ்!

சரி, உங்களுக்கு எந்தப் படத்தில் எந்தக் காட்சி காணாமல் போனது என்று எழுதவேயில்லையே?