காரைக்குடிக்குப் புதிதாக வந்திருக்கிறோம், சிறு குழந்தை இருக்கிறது. சொந்த ஊர்க் கோயில் போல மனதுக்கு நெருக்கமான தேவாலயத்தை இங்கே எப்படித் தேடுவது?

இதே கேள்வியோடுதான் நாங்களும் 2014 ஜூனில் இங்கே வந்து இறங்கினோம். கணவருக்கு வேலை மாறுதல், இடுப்பில் ஒரு வயது மகள், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்; எங்கள் ஊரில் கோயில் மணிச் சத்தத்தில்தான் உலை வைப்போம். இங்கே வந்த முதல் ஞாயிறு எந்த மணியும் காதில் விழவில்லை. அன்று காலை அடுப்படியில் நின்று அழுதேன்.

நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில். முன்பக்கம் வீட்டுக்கார ஆச்சி தனியாக இருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் போன கோயிலில் கட்டடம் அழகு, பாடகர் குழு அருமை. ஆராதனை முடிந்ததும் ஒருவர் அன்பாகவே வந்து பேசினார். "எந்த ஊரும்மா?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "அப்ப நீங்க..." என்று இழுத்து நிறுத்தினார். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் போனோம். வாசலில் ஸ்தோத்திரம் சொன்னார்கள், கை குலுக்கினார்கள், ஆனால் என் மகளின் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் உறுதியாகச் சொல்வேன்: சாதியை விசாரித்துவிட்டு அப்புறம் இடம் கொடுக்கும் சபையில், பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தங்காதீர்கள். ஒரே திருவிருந்தில் பங்கு பெறுகிறவர்களுக்கு நடுவில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. உங்கள் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே வளரக் கூடாது.

அடுத்துப் போனது சின்ன சபை. நாற்பது குடும்பம் இருக்கும். உண்மையில் அங்கே முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்த பாட்டுதான், ராகம் வேறு. நான் எழுந்து நிற்கும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சபை இங்கிலாந்துத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் மரபில் வந்தது. மதுரைப் பக்கத்துச் சபை 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் வழி வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று இந்தச் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டாலும், ஆராதனைப் பழக்கம் ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நம்ம ஊர் மாதிரி இல்லையே" என்ற முதல் வாரத்து ஏக்கத்தை வைத்து ஒரு சபையை ஒதுக்கிவிடாதீர்கள். ராகம் ஆறு வாரத்தில் பழகிவிடும்.

நாங்கள் போகத் தொடங்கி ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, மகளுக்குக் காய்ச்சல். இரண்டு ஞாயிறு போக முடியவில்லை. இரண்டாவது ஞாயிறு மத்தியானம் பின்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு முன் வரிசையில் உட்காரும் பெரியம்மா. வெயிலில் டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் துண்டு சுற்றிய எவர்சில்வர் தூக்கு. உள்ளே நொய்க்கஞ்சி, தனிக் கிண்ணத்தில் பருப்புத் துவையல். துண்டை அவிழ்த்தபோது கஞ்சி இன்னும் சூடாகவே இருந்தது. குழந்தையின் நெற்றியைத் தொடவில்லை, உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். "சூடு இறங்குது, பயப்படாத" என்றார். பிறகு கண்ணை மூடி இரண்டே வரி ஜெபம். மகளின் பெயரைச் சொல்லித்தான் ஜெபித்தார். நான் அவரிடம் அந்தப் பெயரைச் சொன்ன நினைவே இல்லை. அவள் அழுதபோது நான் அதட்டியதைக் கேட்டு மனதில் வைத்திருந்திருக்கிறார்.

அவர் போன பிறகு ஆச்சி வந்து, "யாரு ஆத்தா அது, சொந்தமா?" என்று கேட்டார். "இல்ல ஆச்சி, கோயில்ல பழக்கம்" என்றேன். "அப்ப உங்களைப் புள்ளியில சேத்துட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

செட்டிநாட்டில் இருக்கப்போகிறீர்கள், இந்த 'புள்ளி' என்ற வார்த்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்தார் சமூகத்தில் இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணத்துக்கு அவரவர் கோயிலிலிருந்து மாலை வரும். கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளி வரியும் கொடுப்பார்கள். எங்கே பிழைக்கப் போனாலும், கணக்கில் நீ ஒரு புள்ளி. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததும் அதுதான் என்று ஆச்சி சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. நாம் போகாத ஞாயிறு நம்மைத் தேடும் சபைதான் வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கில் சேர நாமும் கொஞ்சம் நடக்க வேண்டும். பழைய சபை ஆயரிடம் (போதகரிடம்) ஒரு கடிதம் வாங்கி வந்து இங்குள்ள ஆயரிடம் கொடுங்கள், குடும்பப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், சந்தா சிறிய தொகையானாலும் மாதாமாதம் கட்டுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து உட்காருங்கள். முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாமல் பத்து நிமிடம் வேப்பமரத்தடியில் நில்லுங்கள். பிள்ளையை ஞாயிறு பள்ளியில் விடுங்கள்; எங்களுக்குப் பாதிப் பழக்கம் மகளால் வந்தது.

நீங்கள் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்) என்றால் உங்களுக்கு வழி இன்னும் நேர். நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கில் வருகிறது என்று பார்த்து, பங்குத்தந்தையிடம் "எங்கள் தெருவுக்கு எந்த அன்பியம்?" என்று கேளுங்கள். அன்பியம் என்பது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு; அதன் கூட்டம் வீடுகளில் நடப்பதால் பூசையில் ஒரு வருடம் பழகாததை அங்கே ஒரு மாதத்தில் பழகலாம். எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருமுறை என்னை செக்காலை சகாய மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்க, என் வாய் பழக்கத்தில் "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்றது. அக்கா திரும்பிப் பார்க்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரம் கிடைத்தால் போர்ச்சுகீசியக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் இரத்தம் சிந்திய ஓரியூருக்கும், மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்கும் போய் வாருங்கள். எந்தச் சபையானாலும், இந்த மண்ணில் நம் விசுவாசம் நேற்று வந்ததில்லை என்று அங்கே நிற்கும்போது தெரியும்.

டிசம்பரில் கேரல் வருவார்கள். பெயர் கொடுக்கும்போது வீட்டு அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முதல் வருடம் நாங்கள் பின்வாசலில் விளக்கைப் போட்டுக் காத்திருக்க, அவர்கள் முன்வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். இரவு பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். ஆச்சி எழுந்து கதவைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டிருக்கிறார். பிறகு முகப்பு விளக்கைப் போட்டு, வளவு (உள்முற்றம்) வழியாக, கிட்டாரும் தபேலாவுமாக அத்தனை பேரையும் எங்கள் கட்டுக்கு அழைத்து வந்தார். முன்னால் ஆச்சி, அவர் பின்னால் அந்தப் பெரியம்மா.