ஸ்கிரேப்பர் தகட்டைத் தீட்ட எந்தக் கம்பி?

கேள்வி: தேக்குப் பலகையை ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டிப் பழகி வருகிறேன். மரத்தைச் சீவும் பிசிரை, அதாவது விளிம்பில் மடங்கி நிற்கும் மெல்லிய கொக்கியை, ஓரத்தில் எழுப்ப ஸ்குரூடிரைவர் கம்பியால்தான் தேய்க்கிறேன். மரத்தில் தூள்தான் வருகிறது, சுருள் வரவில்லை. கம்பியிலும் கோடு கோடாக விழுகிறது. இதற்கென்றே பர்னிஷர் என்று தனியாக விற்கும் கெட்டிக் கம்பியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை எகிறுகிறது. நானே ஒன்று செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், செலவும் அதிகம் ஆகாது. கம்பியில் கோடு விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறே அங்கேதான். கம்பி தகட்டைவிட நன்றாகக் கெட்டியாக இருந்தால்தான் தகட்டின் விளிம்பு மடங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டி என்றால் விளிம்பு கம்பியைச் செதுக்க ஆரம்பித்துவிடும். அப்போது எழும் பிசிரும் கந்தலாகத்தான் இருக்கும்.

ஸ்கிரேப்பர் பெரும்பாலும் ரம்பத் தகட்டு எஃகு. எஃகின் கெட்டியை அளக்கும் ராக்வெல் சி கணக்கில் 50-ஐ ஒட்டி இருக்கும். ஸ்குரூடிரைவர் கம்பி அதற்குக் கொஞ்சம் மேலே. மலிவானது என்றால் கீழேகூடப் போகும். அதன் பளபளப்பு மேலே பூசிய குரோம் மட்டுமே. பர்னிஷருக்கு 60-க்குக் குறையாத கெட்டி வேண்டும்.

கடையில் ராக்வெல் மெஷினுக்கு எங்கே போவது? புது அரம் ஒன்று போதும். கம்பியின் ஓரத்தில் வைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். கடித்துத் தூள் எடுத்தால் அந்தக் கம்பி வேண்டாம். வழுக்கிக்கொண்டு போனால் நமக்கு வேண்டியது அதுதான். பூச்சு ஏமாற்றும் என்பதால், வெட்டிய முனையிலோ பூச்சைத் தேய்த்து எடுத்த இடத்திலோ சோதியுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் தேட வேண்டியது லேத் வேலைக்கு விற்கும் உருண்டை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட். 6 அல்லது 8 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம். கெட்டி 62-க்கு மேல் இருக்கும், சூட்டுக்கும் அசராது. டூல்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அது கிடைக்காத ஊரில் பிளாஸ்டிக் மோல்டு பட்டறையில், அச்சிலிருந்து பொருளை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் கேளுங்கள். வழவழவென்று கிரைண்ட் செய்து, மேற்பரப்பு நன்றாகக் கெட்டிப்படுத்தி, நல்ல நீளத்தில் வரும். பழையது ஒன்றைச் சும்மாவே கொடுப்பார்கள். மெஷின் பாகங்களை இடம் மாறாமல் பொருத்தப் பயன்படும், கெட்டிப்படுத்திய டோவல் பின்னும் உதவும். அதில் 60 மி.மீ.க்குக் குறையாத நீளம் பாருங்கள்.

டிரில் பிட்டின் அடிப்பகுதியைப் பலர் சொல்வார்கள். வெட்டும் பகுதி கெட்டி என்றாலும், சக்கில் பிடிக்கும் பகுதியை நிறைய பிட்டுகளில் மிருதுவாகவே விட்டிருப்பார்கள். அரச் சோதனை செய்யாமல் எடுக்காதீர்கள். எஞ்சின் வால்வுத் தண்டும் அப்படித்தான், பல நேரம் கெட்டி மேல்தோலோடு முடிந்துவிடும். அதோடு, சில எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டுக்குள் சோடியம் அடைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் தீப்பிடிக்கும் சாமான் அது. எந்த வண்டியுடையது என்று தெரியாத வால்வை அறுக்கவே கூடாது. கார்பைடு கம்பி கெட்டியில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் சிமென்ட் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும்.

வீட்டில் தேய்ந்த முக்கோண அரம் கிடந்தால் அதுவும் நல்ல சரக்கு. பல்லை முழுக்கத் தேய்த்து எடுத்து, மூன்று முனைகளையும் லேசாக உருட்டிவிட வேண்டும். சாணையில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். நீல நிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் கெட்டி போய்விட்டது என்று அர்த்தம்.

எந்தக் கம்பியானாலும் மெருகில்தான் உண்மையான வேலை. கடையிலிருந்து வரும் டூல் பிட்டில் குறுக்கே மெல்லிய கிரைண்டிங் கோடுகள் இருக்கும். நகத்தால் நீளவாக்கில் தடவினால் தட்டுப்படும். இந்தக் கோடுகள் விளிம்பை உராய்ந்து கிழிக்கும். 400 வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 800, 1500, 2000 என்று போய், கடைசியில் பிராஸோ போட்டுத் துணியால் தேயுங்கள். தேய்ப்பது எப்போதும் கம்பியின் நீளவாக்கில். ஜன்னல் கம்பி அதில் நேராக, உடையாமல் பிரதிபலிக்கும் வரை விடாதீர்கள். இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும், ஒருமுறை செய்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

தடிமனில் நான் 6 மி.மீ. பக்கம். கம்பி மெலிதாக இருந்தால் தகட்டைத் தொடும் இடம் குறுகும். கொஞ்சம் அழுத்தினாலே எஃகு நகரும். 12 மி.மீ. கம்பிக்கு உடம்பையே சாய்த்து அழுத்த வேண்டியிருக்கும், அப்போது கோணம் தவறும். ஏதாவது ஒரு கெட்டி மரத்தில் பிடி கடைந்து, 30 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். சுத்தியலால் அடித்து இறக்க வேண்டாம், கம்பி தெறிக்கும்.

சரி, கம்பி தயார். தகட்டு விளிம்பை அரத்தால் சதுரமாக்கி, சாணைக்கல்லில் விளிம்பையும் இரண்டு முகங்களையும் தேய்த்து அரக் கோடுகளைப் போக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்த பர்னிஷரும் கைகொடுக்காது. அப்புறம் தகட்டைப் படுக்க வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முகத்தின் மேலேயே ஓரத்தை ஒட்டிக் கம்பியை நாலைந்து முறை இழுங்கள். அடுத்து தகட்டை நிற்க வைத்து விளிம்பில் முதல் இழுப்பு நேராக, பிறகு 5 டிகிரி சாய்த்து இரண்டு மூன்று இழுப்பு. அழுத்தம் மிதமாக இருக்கட்டும். 15 டிகிரி வரை சாய்த்தால் பிசிர் உள்ளே சுருண்டுகொள்ளும். அது மரத்தைக் கடிக்க வேண்டுமானால் தகட்டை ரொம்பப் படுக்கவைத்துத் தள்ள வேண்டியிருக்கும்.

முகத்திலிருந்து ஓரத்தை நோக்கி விரலைத் தள்ளிப் பாருங்கள். பிசிர் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கக் கூடாது. ஓரத்தின் நீளத்துக்கு மட்டும் விரலை ஓட்டாதீர்கள், கிழித்துவிடும். தேக்கில் மெல்லிய சுருள் வந்தால் சரி. சுருள் தூளாக மாறும்போது உடனே அரத்தை எடுக்க வேண்டாம். பிசிரைக் கம்பியால் முகத்தில் படியவைத்து மறுபடி எழுப்பலாம். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் எழ மறுத்தால் அப்போது அரமும் சாணைக்கல்லும்.